இரண்டு வருடத்துக்கு எழுதிவிட்டு பத்தாம் மாதம் போய்விட்டார்கள். அட்வான்ஸை என்ன செய்வது?

கல்லடிக்காரி | சனி, இரவு 9.10

மட்டக்களப்பு கல்லடியில் தங்கச்சியின் வீட்டை நான் பார்த்துவருகிறேன். சீதனமாக அவள் பெயரில் எழுதிய வீடு. அவள் குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறாள். பெப்ரவரி முதலாம் திகதி ஒரு வங்கி உத்தியோகத்தருக்கு இரண்டு வருடத்துக்கென்று கொடுத்தோம். வாடகை 38,000, ஆறு மாத அட்வான்ஸ் 228,000. நல்ல சனம். ஒக்டோபர் வரை ஒரு மாதமும் பிந்தவில்லை.

இந்த மாதம் 3ஆம் திகதி வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "அக்கா, வவுனியாவுக்கு மாற்றம் வந்திட்டு. 12ஆம் திகதி போறம். நவம்பர் வாடகையை அட்வான்ஸில கழிச்சிட்டு மிச்சத்தத் தாங்க." சொன்னபடி 12ஆம் திகதி லொறி வந்தது. ஒரு அறையில் அலுமாரியும் பிரிட்ஜும் கிடக்கின்றன, இன்னொரு நாள் வந்து எடுப்பார்களாம். திறப்பும் அவர்களிடம்தான்.

இன்னும் 15 மாதம் மிச்சம் இருக்கிறது, ஒரு சதமும் கொடுக்காதே என்கிறாள் தங்கச்சி. இடையில் போனால் அட்வான்ஸ் திரும்பாது என்று கடதாசியிலும் எழுதியிருக்கிறோம். மச்சான் ஒருவர் பூட்டை மாற்றச் சொல்கிறார். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாவற்குடா | சனி, இரவு 9.32

மாற்றம் வந்தது அவருடைய பாடு, வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்? எழுதினால் எழுதினதுதான். வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

தேத்தாத்தீவு ரீச்சர் | சனி, இரவு 9.50

எழுதினால் எழுதினது என்று சொல்வது சுகம் தம்பி. நான் பொத்துவிலில் படிப்பித்த காலத்தில் வாடகை வீட்டில்தான் இருந்தேன். ஜனவரியில் மாற்றம் என்று கடிதம் கையில் கிடைத்தது டிசம்பர் கடைசியில். மூன்று மாத அட்வான்ஸை வீட்டுக்காரர் அப்படியே வைத்துக்கொண்டார். ஜனவரி 10ஆம் திகதி அந்த வீட்டில் வேறு ஆட்கள் குடி வந்துவிட்டார்கள். ஒரே மாதத்துக்கு இரண்டு பேரிடம் வாடகை! அந்தக் காசு இன்றைக்கும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

அட்வான்ஸ் என்பது குடியிருப்பவரின் காசு. உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நாவற்குடா | சனி, இரவு 9.58

ரீச்சர், உங்கள் வீட்டுக்காரர் செய்தது பிழை. அதற்காக எல்லா வீட்டுக்காரரும் கள்ளர் இல்லை. கட்டடக் கடன் கட்டுகிறவனுக்குத்தான் தெரியும் வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று.

பழைய கிளாக்கர் | ஞாயிறு, காலை 6.15

இரவு தூங்கிவிட்டேன், இப்போதுதான் பார்த்தேன். 30 வருடத்துக்கு மேல் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். சட்டத்தரணி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகள், அந்தக் கடதாசியை எடுத்துப் பாருங்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால் எழுதியதா, வீட்டில் எழுதியதா? உங்கள் கேள்வியில் பாதி அதிலேயே இருக்கிறது.

கல்லடிக்காரி | ஞாயிறு, காலை 7.40

வீட்டில் எழுதியதுதான் ஐயா. தாள் வாங்கி, மகன் கொம்பியூட்டரில் அடித்து, 25 ரூபா முத்திரை ஒட்டி, இரண்டு பக்கமும் கையெழுத்து. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மாமாவும் அவர்களுடைய நண்பர் ஒருவரும். தங்கச்சிக்குப் பதிலாக நான்தான் கையெழுத்து வைத்தேன்.

பழைய கிளாக்கர் | ஞாயிறு, காலை 8.25

நினைத்தேன். நம் பக்கத்தில் பத்துக்கு எட்டு வீடு இப்படித்தான் போகிறது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் குத்தகை என்ற அளவில் அது செல்லாது. முத்திரை ஒட்டினாலும் அதேதான். முத்திரை நொத்தாரிசு ஆகிவிடாது.

அப்படியென்றால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆள் வீட்டில் இருந்தார், மாதாமாதம் வாடகை கட்டினார், நீங்கள் வாங்கினீர்கள். அவர் மாத வாடகைக்காரர். மாத வாடகையை யார் முறித்தாலும் ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், அது மாத முடிவில் முடிய வேண்டும். நவம்பர் 3ஆம் திகதி சொன்னவருக்கு நவம்பர் கணக்கில் வராது. டிசம்பர் 31 வரை வாடகை அவர் பொறுப்பு. ஆக இரண்டு மாதம், 76,000. தங்கச்சி சொல்லும் 15 மாதத்தை மறந்துவிடுங்கள்.

நாவற்குடா | ஞாயிறு, காலை 8.41

ஐயா, அப்ப நொத்தாரிசு வைத்து எழுதியிருந்தால் 15 மாதத்தையும் கேட்கலாமா?

பழைய கிளாக்கர் | ஞாயிறு, காலை 9.30

கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தம் முறிந்துவிட்டது, நட்டம் தா என்று போனால், உண்மையில் என்ன நட்டம், அதைக் குறைக்க நீ என்ன செய்தாய் என்று மன்று பார்க்கும். வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு மாதக் கணக்கை எண்ணிக்கொண்டு இருந்தவருக்கும், மறு வாரமே ஆள் தேடியவருக்கும் ஒரே தீர்ப்பு வராது. புரோக்கருக்குக் கொடுத்த கூலி, ஆள் கிடைக்கும் வரை சும்மா கிடந்த வாடகை, இவை நியாயமான நட்டம். அட்வான்ஸ் முழுவதும் எனக்கே என்று தண்டமாக எழுதிய வாசகத்தை அப்படியே தூக்கித் தந்துவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்று. சின்னத் தொகைத் தகராறுக்கு நேரே வழக்குப் போட முடியாது. முதலில் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, நம் ஆட்கள் இணக்கசபை என்பார்கள். சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் பாடசாலைகளில் கூடும். அங்கே இணக்கம் வராவிட்டால்தான் அத்தாட்சிப் பத்திரத்தோடு மன்றுக்கு. அந்த வாங்கில் போய் உட்கார்ந்து 15 மாத வாடகை கேட்டுப் பாருங்கள், மத்தியஸ்தர்களின் முகமே பதில் சொல்லும்.

உப்போடை | ஞாயிறு, காலை 10.05

2023இல் வீட்டுக்காரருக்குச் சாதகமாக ஒரு சட்டம் வந்ததே, அது உதவாதா?

பழைய கிளாக்கர் | ஞாயிறு, காலை 10.12

அது 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம். குத்தகை முடிந்தும் போகாமல் குந்தியிருக்கிறவரிடம் வீட்டைத் திருப்பி எடுப்பதற்கு. இங்கே ஆள் போய்விட்டார், போனதுதான் பிரச்சினை.

சம்மாந்துறைக் காக்கா | ஞாயிறு, பகல் 12.20

இதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. திறப்பு இன்னும் அவர்களிடம் என்றீர்களே, அதை முதலில் பாருங்கள். நான் அதில்தான் அடிபட்டவன்.

கல்முனையில் வாப்பாவின் கடை ஒன்று, பின்னால் இரண்டு அறையோடு. 2022இல் ஒருவர் எடுத்தார், மூன்று வருடத்துக்கு. அவர் வந்து எட்டாம் மாதம் ஒரு விடியற்காலை பார்த்தால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது, ஆள் இல்லை, போன் வேலை செய்யவில்லை. நான் பத்து நாள் பொறுத்தேன். மறுகா வெல்டிங் பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டை அறுத்துவிட்டேன். உள்ளே மூன்று ஷோகேஸ், ஒரு தராசு, கொஞ்சம் அரிசி மூட்டை. எல்லாவற்றையும் பின் அறையில் போட்டுவிட்டுக் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் வந்து நிற்கிறார், பொலிஸோடு! நான் ஊரில் இல்லாத நேரம் கடையை உடைத்துச் சாமான் எடுத்துவிட்டார் என்று முறைப்பாடு. முப்பது மூட்டை அரிசி இருந்ததாம். நான் பார்த்தது ஆறு. அந்த ஆறுக்கும் என்னிடம் ஒரு போட்டோ இல்லை.

அதோடு மின்சார பில் வேறு. 2022 ஓகஸ்டில் கட்டணம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி ஏறியது. அவர் எட்டு மாதமாக ஒழுங்காகக் கட்டவே இல்லை. இணைப்பு வாப்பாவின் பெயரில், சிவப்புக் கடிதமும் வாப்பாவின் பெயரில்தான் வந்தது.

பழைய கிளாக்கர் | ஞாயிறு, பகல் 1.45

காக்கா சொல்வதை எல்லோரும் இரண்டு தரம் படியுங்கள்.

சாமான் உள்ளே, திறப்பு அவர் கையில் என்றால் வீடு இன்னும் அவர் வசம்தான். பூட்டை மாற்றினால் அவர் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் போகலாம். அந்த வழக்கில் உறுதி யார் பெயரில் என்று பார்க்க மாட்டார்கள். யார் வசத்தில் இருந்தது, வழக்குப் பதிவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றினார்களா என்றுதான் பார்ப்பார்கள். சொந்த வீட்டுக்குள் வாடகைக்காரரைத் திரும்ப ஏற்றிவிட்டு வெளியே நின்ற வீட்டுக்காரர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வாடகை பாக்கிக்காகச் சாமானைப் பிடித்துவைப்பதும் அப்படித்தான். நம் ரோமன் டச்சுச் சட்டத்தில் வீட்டுக்காரருக்கு அந்தச் சாமான்மேல் ஓர் உரிமை உண்டு. அதை மன்று வழியாகத்தான் எடுக்க வேண்டும், மச்சான் வழியாக இல்லை.

கல்லடிக்காரி | ஞாயிறு, பின்னேரம் 4.30

மச்சானுக்கு இதை வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். பின்னேரத் தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

ஒலுவில் பொடியன் | ஞாயிறு, பின்னேரம் 4.38

நாங்கள் கம்பஸ் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரு அனெக்சில் இருக்கிறோம், கடதாசியே இல்லை. யாராவது இடையில் போனால் மற்ற ஏழு பேரும் சேர்ந்து அவன் பங்கையும் கட்டுவோம் என்பது வீட்டு உம்மாவின் சட்டம். எந்த ஆண்டு, எந்த இலக்கம் என்று கேட்டுச் சொல்கிறேன் ஐயா.

பழைய கிளாக்கர் | ஞாயிறு, பின்னேரம் 4.50

அந்தச் சட்டத்துக்கு மேன்முறையீடு கிடையாது தம்பி.

உப்போடை | ஞாயிறு, இரவு 7.15

நான் வேறு ஒரு கோணத்தில் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு என்ஜிஓக்காரர் குவிந்த காலத்தில் எங்கள் வீட்டையும் ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்தோம். அவர்கள்தான் முதல்முதலாக நொத்தாரிசு, ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம் என்று வந்தார்கள். அப்பாவுக்கு அது பெரிய பெருமை. அதில் ஒரு வாசகம்: திட்டத்துக்கு நிதி நின்றால் இரண்டு மாத அறிவித்தலோடு போகலாம், கட்டிய முற்பணத்தில் மிச்சம் திரும்ப வேண்டும். அப்பா அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, வாடகைத் தொகை எழுதிய பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒருநாள் கடிதம் வந்தது, இரண்டு மாதத்தில் போனார்கள். ஒரு வருட முற்பணத்தில் ஐந்து மாதக் காசை அப்பா அங்கே இங்கே மாறித்தான் கொடுத்தார்.

அப்போது ஏசினோம். இன்று நான் வீடு கொடுக்கும்போது நானே அந்த வாசகத்தைப் போடுகிறேன். குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு இரண்டு மாதம் முந்திச் சொல்லிவிட்டுப் போகலாம். மாற்றம் வரும் உத்தியோகத்தருக்குத்தான் இந்தப் பக்கத்தில் பாதி வீட்டைக் கொடுக்கிறோம்: ஆசிரியர், வங்கி, வைத்தியசாலை, கச்சேரி. அவர்களிடம் இரண்டு வருடம் அசையாமல் இரு என்று எழுதி வாங்கி என்ன பயன்?

தேத்தாத்தீவு ரீச்சர் | ஞாயிறு, இரவு 7.40

இப்படி ஒரு வீட்டுக்காரர் எனக்குக் கிடைக்கவில்லையே.

ஊறணி மாமி | ஞாயிறு, இரவு 8.30

எல்லோரும் காசைப் பற்றியே கதைக்கிறீர்கள். இது கார்த்திகை மாதம் மனே! மாரிக்குள் வீட்டைப் பூட்டிப் போட்டால் தை பிறக்கும்போது கதவு வீங்கித் திறக்காது, நிலையில் கறையான் ஏறும், கிணற்றில் இலை அழுகும். என் மகளின் வீடு ஒருமுறை மூன்று மாதம் சும்மா கிடந்தது. அட்வான்ஸில் பிடித்து வைத்ததைவிட மேசனுக்குக் கொடுத்தது கூட. டெங்கு பார்க்க சுகாதாரப் பரிசோதகர் பிஎச்ஐ வந்தால், பீலியில் நிற்கும் தண்ணிக்கு வீட்டுக்காரரைத்தான் பிடிப்பார், வவுனியாவுக்குப் போனவரை இல்லை. கெதியாக ஆளைப் போடுகா.

கல்லடிக்காரி | ஞாயிறு, இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், வெட்கத்தில்.

அந்த 228,000 என்னிடம் இல்லை. வாவிப் பக்க மதில் சரிந்திருந்தது. தங்கச்சியிடம் கேட்டு அந்தக் காசில்தான் மதில் கட்டினோம். மிச்சத்தில் முன்பக்கம் பெயின்ட். இரண்டு வருடம் இருப்பார்கள், அதற்குள் வாடகையில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தோம். கொடுக்காதே என்று அவள் நிற்பதற்கும் அதுதான் காரணம். சட்டம் தெரிந்து அவள் சொல்லவில்லை, காசு இல்லாமல் சொல்கிறாள்.

சம்மாந்துறைக் காக்கா | ஞாயிறு, இரவு 10.34

இதில் என்ன வெட்கம்? எங்கள் ஊரில் பாதிக் கூரை அட்வான்ஸ் காசில்தான் நிற்கிறது.

தேத்தாத்தீவு ரீச்சர் | ஞாயிறு, இரவு 10.41

நேற்று எழுதியதில் கொஞ்சம் சூடாகிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் அக்கா. என் வீட்டுக்காரர் தவணையாகத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அவர் போனை எடுக்காமல் விட்டதுதான் எரிச்சல்.

பழைய கிளாக்கர் | திங்கள், காலை 5.50

ரீச்சர் சொல்வது சரி. ஆளைக் கூப்பிடுங்கள், அலுமாரி எடுக்க வரும் அன்றைக்கே எல்லாவற்றையும் முடியுங்கள். அறை அறையாக இரண்டு பேரும் சேர்ந்து நடந்து பாருங்கள். மின் மீற்றரையும் தண்ணி மீற்றரையும் போட்டோ எடுங்கள். சுவரில் ஆணி அடித்தது, பெயின்ட் மங்கியது இதெல்லாம் குடியிருந்தால் வருவதுதான், அதற்குக் காசு வெட்டாதீர்கள். உடைந்ததற்கு மட்டும் வெட்டுங்கள். திறப்பைக் கையில் வாங்கியபின் ஒரு தாளில், வீட்டை இன்ன திகதியில் ஒப்படைத்தேன், கணக்கு இவ்வளவு, இனி ஒருவருக்கொருவர் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதி இரண்டு பிரதி. தவணை என்றால் தவணைத் திகதியும் அதிலேயே.

டிசம்பர் வாடகையை வெட்டுகிறீர்கள் என்றால், டிசம்பரில் வேறு ஆளிடம் வாடகை வாங்கும் நாளோடு அதை நிறுத்திவிடுங்கள். ரீச்சருக்கு நடந்ததை நீங்கள் செய்ய வேண்டாம்.

நாவற்குடா | திங்கள், காலை 7.05

முதலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவன் நான்தான். சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நேற்று இரவே என் சொந்த வாடகைக் கடதாசியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் நொத்தாரிசு இல்லை.

கல்லடிக்காரி | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.00

என்ன நடந்தது என்று கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார்கள். முடிந்துவிட்டது.

போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அக்கா, நான் வங்கியில இருக்கிறன், தவணை எண்டா எனக்கு விளங்கும்" என்றார். அடுத்த சனிக்கிழமை மனுசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அறை அறையாக நடந்தோம். குளியலறையில் கைகழுவும் பேசின் வெடித்திருந்தது, அதை அவரே காட்டினார். கிணற்று மோட்டர் அவர் போட்டது, எனக்கு அது தெரியாது. கழற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். புதிதாகப் போட இதைவிடக் கூடப் போகும் என்று நான் 20,000க்கு எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 16இல் இருந்து புதிய ஆள் வருகிறார்கள். அவர்களைக் கொண்டுவந்ததும் இவர்தான், அவருடைய வங்கியில் வேலை செய்யும் பிள்ளையின் அக்கா, போதனா வைத்தியசாலையில் தாதி. புரோக்கர் கூலி மிச்சம்.

கணக்கு இதுதான். நவம்பர் 38,000, டிசம்பர் பாதி 19,000. கரண்டும் தண்ணியும் 11,490. பேசின் 8,500. எல்லாம் வெட்டி 151,010, மோட்டரோடு 171,010. பத்து ரூபாயை அவர் வேண்டாம் என்றார். கையில் 60,000 கொடுத்தேன். மிச்சத்தில் தங்கச்சி பாதி அனுப்புகிறாள், மற்றப் பாதி புதிய ஆளின் அட்வான்ஸ் வந்ததும். இதைச் சொன்னபோது ரீச்சர் என்ன நினைப்பாரோ என்று ஓர் எண்ணம் வந்தது. ஒருவரின் அட்வான்ஸை வைத்து இன்னொருவரின் அட்வான்ஸ்.

தேத்தாத்தீவு ரீச்சர் | ஞாயிறு, இரவு 8.22

ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் இந்த முறை மூன்று மாதத்துக்குமேல் வாங்காதீர்கள், அதையும் ஒரு புத்தகத்தில் போட்டு வையுங்கள்.

பழைய கிளாக்கர் | திங்கள், காலை 6.00

நல்லது. புதியவர்களுக்கு நொத்தாரிசு உண்டா?

கல்லடிக்காரி | திங்கள், காலை 7.10

நொத்தாரிசிடம் போனேன் ஐயா. வீடு தங்கச்சியின் பெயரில், நான் கையெழுத்து வைக்க அவளிடமிருந்து அற்றோணித் தத்துவம் வேண்டும் என்கிறார். ரொறன்ரோவில் துணைத்தூதரகத்துக்கு நாள் எடுத்திருக்கிறாள். அது வரும்வரை மாத வாடகைதான், ஒரு மாத அறிவித்தல் என்று அவர்களுக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். வந்தபின் உப்போடை அண்ணன் சொன்ன வாசகத்தோடு எழுதுவோம்.

உப்போடை | திங்கள், காலை 7.30

தமிழில் எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பக்கத்தையும் வாசியுங்கள்.

சம்மாந்துறைக் காக்கா | திங்கள், காலை 9.15

தங்கச்சி, வீடு எடுபட்டுவிட்டதா? ராத்தாவின் மகன் ஜனவரியில் மட்டக்களப்புக்கு மாற்றமாகி வாறான், கல்லடிப் பக்கம் பார்க்கிறோம்.

கல்லடிக்காரி | திங்கள், காலை 9.20

எடுபட்டுவிட்டது காக்கா. ஊறணி மாமியிடம் கேட்டுப் பாருங்கள், மகளின் வீடு தைக்குப் பிறகு காலியாகிறதாம்.